ஏழு தப்பும் ஒரே தப்பு

நோயெலா வெலெட்டுக்கு 'முடியாது' என்ற சொல் வாயில் வராது. மருந்துக் கடைக் கல்லாவில் நிற்கும்போது வரிசையை முந்திக்கொண்டு வருகிறவர்களிடம்கூட ஒன்றும் சொல்ல மாட்டாள். தலையைக் குனிந்துகொண்டு அவர்கள் நீட்டுவதை வாங்கிக்கொள்வாள். அப்படிப்பட்டவள் மார்ச் மாதத்தில் ஒரு மாலை, சமையலறைச் சுவரில் மாட்டியிருந்த தொலைபேசியில் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டாள்.

மறுமுனையில் இருந்தவர் திருமதி ப்ரெண்டிஸ். சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வை நடத்துகிற அமைப்பின் அதிகாரி. அவர் குரலில் கோபமே இல்லை. பல் டாக்டரின் உதவியாளர் பேசுவதுபோல் இதமாகப் பேசினார்.

"பிப்ரவரித் தேர்வுல உங்களுக்கு முன் வரிசையில உக்காந்திருந்தவங்க கொரின் தார்தீஃப். அவங்களும் நீங்களும் தப்பு விட்ட கேள்விகள்ல ஏழு ஒண்ணா இருக்கு. ஏழுலயும் ரெண்டு பேரும் அதே தப்பான விடையைத்தான் குறிச்சிருக்கீங்க. போன தடவை நீங்க வாங்கின மதிப்பெண்ணுக்கும் இப்ப வாங்கினதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். நாங்க யாரையும் குத்தம் சொல்லல. இந்த மதிப்பெண்ணைச் சத்தமில்லாம ரத்து பண்ணிடறோம். ஜூன்ல இலவசமா மறுபடி எழுதிடுங்க."

ஜூனில் எழுதினால் இந்த வருஷம் போய்விடும். போர்ட்லாண்ட் சட்டக் கல்லூரி அவளுக்கு ஒரு இடம் ஒதுக்கியிருந்தது. அது இந்த மதிப்பெண்ணை நம்பி ஒதுக்கிய இடம். ரத்தான பிறகு யார் வைத்திருப்பார்கள்?

"முடியாது" என்றாள் நோயெலா. "நான் காப்பி அடிக்கல."

"அப்ப மறுபடி எழுதறதுல என்ன தயக்கம்?"

"விசாரணை வைங்க. வர்றேன்."

தொலைபேசியை மாட்டிவிட்டுத் திரும்பினால், அப்பா ஆர்மன் கரண்டியைக் கையில் பிடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமை ஆனதால் ஊர் வழக்கப்படி தட்டில் வேகவைத்த பீன்ஸ். நடுவில் இருமிவிட்டுத்தான் அவரால் பேச முடியும். காகித ஆலை அவருக்குக் கொடுத்த ஓய்வூதியத்தில் அந்த இருமலும் சேர்த்தி.

"ஒண்ணும் பண்ணலேன்னா எழுதிட்டுப் போயேம்மா. மடியில கனம் இருக்கறவன் மாட்டேம்பான்."

"கனம் இருக்கறவன் மாட்டேம்பான், சரிப்பா. அதுக்காக மாட்டேங்கறவன் மடியிலெல்லாம் கனம் இருக்குன்னு ஆயிடுமா?"

அப்பா கரண்டியைக் கீழே வைத்தார். "இந்தப் படிப்பு வந்ததுலேருந்து இந்த வீட்ல ஒரு வாக்கியம் முழுசாப் பேச முடியல."

"மறுபடி எழுதினா காப்பின்னு அர்த்தம் இல்லேன்னு அவங்க சொல்றாங்க. நம்ம ஊர்ல அதுக்கு வேற அர்த்தம் இருக்காப்பா?"

அவர் மறுபடி கரண்டியை எடுத்தார். பீன்ஸைத் தின்றார்.

*

கொரின் தார்தீஃப் நகராட்சியின் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவள். முன்னால் லாரி அகலத்துக்கு இரும்புத் தகடு, பின்னால் சாலைப் பனியை உருக்க ஒரு மலை உப்பு. அவளும் நோயெலாவும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். அப்போது அவ்வளவு பழக்கமில்லை. போன நவம்பரில் நோயெலா மருந்துக் கடையில் கல்லாவுக்கு அடியில் ஒளித்துப் படித்துக்கொண்டிருந்த பயிற்சிப் புத்தகத்தை, இருமல் மருந்து வாங்க வந்த கொரின் எட்டிப் பார்த்தாள்.

"என்னடி இது? எவனோ உளறியிருக்கான், அதுல என்ன தப்புன்னு கேட்டிருக்கு?"

"சட்டக் கல்லூரிக்கு. இதுதான் நுழைவுத் தேர்வு."

"அடுத்தவன் பேச்சுல ஓட்டை கண்டுபிடிக்கறதா? அதுக்குக் கல்லூரியில சேத்துக்கறாங்களா? பின்ன நான் எதுக்குடி பனி தள்ளிக்கிட்டிருக்கேன்?"

அந்தக் குளிர்காலம் முழுக்க அவர்கள் படித்தது லாரியின் முன் இருக்கையில்தான். வெளியாளை ஏற்றக் கூடாது என்பது விதி. நகராட்சியில் யாரும் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. நோயெலா கேள்வியை உரக்க வாசிப்பாள். மற்ற நேரத்தில் வெளியே வராத அவள் குரல், எஞ்சின் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டியிருந்ததால், கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரப் பழகியது. கொரின் தகட்டைத் தூக்கிக்கொண்டும் இறக்கிக்கொண்டும் விடையைக் கத்துவாள்.

புத்தகத்தில் ஒவ்வொரு தப்புக்கும் ஒரு நீளமான பெயர் இருந்தது. கொரினுக்கு அது ஒன்றும் மனதில் நிற்கவில்லை. ஊரில் அந்தத் தப்பைச் செய்கிற ஆளின் பெயரை வைத்துக்கொண்டார்கள். ஒரே ஒரு வாடிக்கையாளரைப் பார்த்துவிட்டு உலகத்துக்கே தீர்ப்புச் சொல்கிற முடிதிருத்துகிறவர் எமில். நிலவறையில் எலியே இல்லை, ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை என்று சத்தியம் செய்கிற மத்தில்டா அத்தை. அவள் நிலவறைக்குள் இறங்கியதே இல்லை. அப்புறம் கஸ்தோன். தேவாலயத்தில் மணி அடிக்கும்போதெல்லாம் ஆலையில் சங்கு ஊதுகிறதே, பாதிரியார் மணி அடித்தால்தான் முதலாளி சங்கு ஊதுவார் என்று கடைசிவரை நம்பினவர். இரண்டு இடத்திலும் கடிகாரம் இருக்கிறது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. சொன்னாலும் கேட்டிருக்க மாட்டார்.

"ஒரு நகரத்தில் மிட்டாய்க் கடைகள் பெருகின. அதே வருடங்களில் பல் வைத்தியர்களும் பெருகினார்கள். ஆகவே மிட்டாய்க் கடைகளே பல் வைத்தியர்களை வரவழைத்தன" என்று நோயெலா வாசிப்பாள்.

"கஸ்தோன்! ஊரே பெருசாயிருக்கும்டி, முட்டாள்!"

"சரி. அடுத்தது. பூச்சிமருந்து நிறுவனத்தின் பேச்சாளர்: எங்கள் மருந்தைத் தெளித்த தோட்டங்களில் தேனீக்கள் குறைந்தது உண்மை. ஆனால் மருந்தே தெளிக்காத ஒரு தோட்டத்திலும் குறைந்திருக்கிறது. எனவே குறைவுக்கும் எங்கள் மருந்துக்கும் தொடர்பில்லை."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கம்பெனிக்காரன்" என்றாள் கொரின்.

"கம்பெனிக்காரன்" என்றாள் நோயெலா. "பேசுகிறவருக்கு இதில் ஆதாயம் இருக்கிறது. நாலாவது விடை."

புத்தகத்தின் பின்பக்கம் வேறு விடை போட்டிருந்தது. ஒரு விளைவுக்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம் என்பதை அந்த ஆள் மறந்துவிட்டாராம்.

"இதை எழுதினவன் நம்ம ஊர்ல ஒரு மாசம் குடியிருந்து பாக்கணும்" என்று சொல்லிவிட்டு கொரின் அடுத்த தெருவுக்குத் திரும்பினாள். அவ்வளவுதான். அதைப் பற்றி அப்புறம் யோசிக்கவே இல்லை.

*

விசாரணை என்றதும் கொரின் முதலில் சிரித்தாள்.

"என்னைப் பாத்தா காப்பி அடிச்சே? அடியே, எங்க அம்மா உயிரோட இருந்திருந்தா தெருவுக்கே கேக் வெட்டியிருப்பா."

"சிரிக்காதே. உனக்கு ஒண்ணும் ஆகாது. எனக்குத்தான் இடம் போயிடும்."

பனி லேசாகத்தான் விழுந்துகொண்டிருந்தது. பிற்பகல். லாரி ஆற்றோரச் சாலையில் போனது. மூடிக் கிடந்த ஆலையின் புகைபோக்கிகளைக் கடக்கும்போது இருவரும் வழக்கம்போல் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"சரி, என்ன சொல்லப் போறே?"

நோயெலா ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். "கோடியில ஒண்ணுங்கறாங்க. தனித்தனியா எழுதினவங்களுக்கு இப்படி ஒத்துப்போக கோடியில ஒரு வாய்ப்புதானாம். சரி, இதை யாரு சொல்றா? தேர்வு நடத்தறவங்களே. தங்களோட தேர்வு சுத்தம்னு காட்டிக்க அவங்களுக்கு யாரையாவது பிடிக்கணும். பிடிச்சாத்தான் அவங்க பேரு நிக்கும். அவங்களுக்கு இதுல ஆதாயம் இருக்கு. அதனால அவங்க வாதம்..."

கொரின் பிரேக்கை மிதித்தாள். பின்னால் உப்பு சரசரவென்று சரிந்தது.

"இப்ப என்ன சொன்னே?"

"அவங்களுக்கு ஆதாயம்..."

"பூச்சிமருந்துக்காரனுக்கும் இதைத்தான் சொன்னே. டயர் கம்பெனிக்கும் இதைத்தான் சொன்னே. நானும் இதைத்தான் சொன்னேன்." கொரின் இருக்கையில் முழுசாகத் திரும்பினாள். "நோயெலா, தேர்வுல கம்பெனி பேசற கேள்வி எத்தனை வந்துச்சு?"

நோயெலாவின் கை புத்தகத்தின் மேல் அப்படியே நின்றது. பாட்டில் தண்ணீர் விற்கிறவன் ஒருவன் வந்தான். விமானக் கம்பெனித் தலைவி ஒருத்தி. உரக் கம்பெனி. அதற்கு மேல் ஞாபகமில்லை. ஆனால் எல்லோரிடமும் அவளுக்கு வந்த எரிச்சல் ஞாபகம் இருந்தது.

அன்றைக்கே லாரிக் கொட்டகையில் உட்கார்ந்தார்கள். நோயெலா ஓட்டுநர்கள் சாப்பிடுகிற அறையில், கொரின் லாரிக்குள். நடுவில் சாத்திய கதவு. இருவரும் தொடாத பழைய வினாத்தாள் ஒன்றைத் தனித்தனியாக எழுதி, பிறகு விடைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். மற்றத் தப்புகள் ஒருவருடையதற்கும் மற்றவருடையதற்கும் சம்பந்தமில்லாமல் சிதறிக் கிடந்தன. ஒத்துப்போன தப்பு ஒவ்வொன்றிலும் ஒரு கம்பெனி பேசியது.

"கஸ்தோன்" என்றாள் நோயெலா மெல்ல. "மணியும் சங்கும்."

"கடிகாரம் எதுன்னு தெரிஞ்சு போச்சு." கொரின் ஜன்னல் பக்கம் தாடையைக் காட்டினாள். அந்தப் பக்கம் ஆறு.

இருவரும் விடைத்தாள்களை மடித்து வைத்தார்கள். பிறகு கொரின்தான் ஆரம்பித்தாள்.

"இதை அவங்க நம்பணுமே? நாம உக்காந்து இட்டுக் கட்டினோம்பாங்க."

"நான் முதல் தடவை எழுதின விடைத்தாள் அவங்ககிட்ட இருக்கு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி பாங்கோர்ல எழுதினது. நீ அங்க இல்ல."

"அதுல என்ன போட்டேன்னு ஞாபகம் இருக்கா?"

"ஒண்ணுகூட இல்ல."

"அப்ப வேணாம்டி! அதுல வேற மாதிரி இருந்துட்டா? உன் கழுத்துக்கு நீயே சுருக்கு மாட்டிக்கப் போறியா? பேசாம ஜூன்ல எழுது. நான் உன்னைக் கூட்டிக்கிட்டுப் போறேன், உனக்கு முன்னாடி உக்கார மாட்டேன், வேற மாநிலத்துல போய் உக்காந்துக்கறேன்."

"இருக்கும்" என்றாள் நோயெலா. "எனக்கு என்னைத் தெரியும்."

*

போர்ட்லாண்டில் விடுதி ஒன்றின் கூட்ட அறை. நீள மேசை, தண்ணீர்க் கூஜா, தம்ளர்கள். கொரினை உள்ளே விடவில்லை. "கதவுக்கு வெளியேதான் இருக்கேன். கத்தணும்னா கத்து" என்று சொல்லிவிட்டு வரவேற்பறை சோபாவில் கால் நீட்டி உட்கார்ந்துவிட்டாள்.

மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் ஹேவரில், ஓய்வு பெற்ற நீதிபதி. இடது பக்கம் ப்ரெண்டிஸ். குரலைப் போலவே முகமும் இதமாக இருந்தது. வலது பக்கம் மடிக்கணினியோடு அமைப்பின் புள்ளிவிவரக்காரர். அவர் தன் கணக்கை விளக்கினார். கணக்கில் தப்பில்லை என்று நோயெலாவுக்கே தெரிந்தது.

"இப்ப நீங்க சொல்லுங்கம்மா" என்றார் ஹேவரில்.

சொன்னாள். யாருக்கும் கேட்கவில்லை.

"கொஞ்சம் சத்தமா."

லாரி ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டாள். "உங்க கணக்கு சரின்னு சொன்னேன். ஆனா அது தனித்தனியானவங்களுக்குப் போட்ட கணக்கு. நாங்க தனித்தனி இல்ல."

ப்ரெண்டிஸ் பேனாவை எடுத்தார். "அப்ப ஒத்துக்கறீங்களா?"

"இல்ல மேடம். தனித்தனி இல்லேன்னா காப்பிதான்னு ஏன் முடிவு பண்றீங்க? இது கஸ்தோன்."

"யாரு?"

நோயெலாவின் முகம் காது வரை சிவந்தது. வேறு வழியில்லாமல் மணியையும் சங்கையும் சொன்னாள். பாதிரியாரையும் முதலாளியையும் சொன்னாள். புள்ளிவிவரக்காரர் வாய்க்குள் சிரித்தார். ஹேவரில் சிரிக்கவில்லை, முன்னால் குனிந்தார்.

"நல்லா இருக்கு. ஆனா எங்க வாதத்துல ஓட்டை இருக்குன்னு காட்டிட்டா, நீங்க காப்பி அடிக்கலேன்னு ஆயிடாது. ஓட்டை வாதமும் சில சமயம் உண்மையில போய் நிக்கும். உங்க கடிகாரம் எங்க?"

"தெரியும் சார். அதைச் சொல்லத்தான் வந்தேன்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "பிப்ரவரி வினாத்தாளை நீங்க வெளியில விடறதில்ல. அந்த ஏழு கேள்வி எதுன்னு எங்ககிட்ட சொல்லவும் இல்ல. நான் சொல்றேன். ஏழுலயும் ஏதோ ஒரு கம்பெனி பேசும். நாங்க ரெண்டு பேரும் குறிச்ச விடை, பேசறவங்களுக்கு அதுல ஆதாயம் இருக்குங்கறது. அது தப்பு. பாருங்க."

புள்ளிவிவரக்காரர் திரையில் விரலை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். நெற்றி சுருங்கியது.

"ஆறு" என்றார். "ஆறுல நீங்க சொல்றது சரி. ஏழாவதுல கம்பெனி இல்ல. பேசறது ஒரு பல் டாக்டர்."

நோயெலா யோசித்தாள். பல் டாக்டர். ஞாபகம் வந்தது.

"அவரு எங்க வேலை பாக்கறாரு?"

அவர் மறுபடி குனிந்து வாசித்தார். "பற்பசை தயாரிப்பாளர் சங்கத்துக்கு... ஆலோசகர்."

"அப்ப ஏழு."

ஹேவரில் தம்ளரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். குடிக்கவில்லை. "ஒரு கேள்வி. காப்பி அடிச்சவளுக்கும் எதைக் காப்பி அடிச்சோம்னு ஞாபகம் இருக்குமே?"

"இருக்கும் சார். அதனாலதான் இன்னொண்ணு கேக்கறேன். நான் முதல் தடவை பாங்கோர்ல எழுதின விடைத்தாளை இங்கயே திறங்க. அன்னிக்கு கொரின் எங்க ஊர்ல பனி தள்ளிக்கிட்டிருந்தா. நகராட்சியைக் கேட்டா சொல்வாங்க."

"அதுல நிறைய தப்பு விட்டிருக்கீங்க" என்றார் ப்ரெண்டிஸ். "எதை வேணும்னாலும் காட்டலாம்."

"எத்தனை தப்புன்னு பாக்காதீங்க மேடம். கம்பெனி பேசற கேள்வியை மட்டும் எடுங்க. அஞ்சு விடையில எதைக் குறிச்சேன்னு பாருங்க."

"அதுல என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று ஹேவரில் கேட்டார்.

"தெரியாது."

"நீங்க சொல்ற மாதிரி இல்லேன்னா?"

"மதிப்பெண்ணை ரத்து பண்ணிடுங்க. நான் ஜூன்லயும் வர மாட்டேன். எப்பவும் வர மாட்டேன்."

ப்ரெண்டிஸ் முதல் முறையாக அவளைக் கொஞ்சம் கவலையோடு பார்த்தார். "இவ்வளவு தூரம் போகத் தேவையில்லைம்மா. ஜூன்ல எழுதறது ரொம்பச் சுலபம்."

"திறங்க."

கோப்பு வந்து சேர நேரம் ஆனது. புள்ளிவிவரக்காரர் யாருக்கோ தொலைபேசினார், காத்திருந்தார், மறுபடி தொலைபேசினார். நோயெலா கைகளை மடியில் கோத்துக்கொண்டு மேசையிலிருந்த தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கதவுக்கு வெளியே கொரின் யாரிடமோ உரக்கப் பேசும் சத்தம் கேட்டது. அவள் காசு போட்டால் உருளைக்கிழங்கு வறுவல் தரும் இயந்திரத்தோடு சண்டை போடுகிறாள் என்று புரிந்தது.

"கம்பெனி பேசற கேள்வி அஞ்சு" என்றார் புள்ளிவிவரக்காரர் கடைசியில். ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டே போனார். நாலாவதில் நின்றார். திரும்பி முதலிலிருந்து பார்த்தார். "அஞ்சுலயும் அதே விடையைத்தான் குறிச்சிருக்காங்க. நாலுல தப்பு."

"அஞ்சாவது?"

"அதுல மட்டும் அதுதான் சரியான விடை. அந்தக் கேள்வியே அதுக்காக வெச்சது."

ஹேவரில் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "ரெண்டு வருஷத்துக்கு முன்னாலயும் இதே. யாரும்மா உங்களுக்கு இதைச் சொல்லிக் குடுத்தது?"

நோயெலா தம்ளரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எங்க ஊர் காகித ஆலையோட கம்பெனிக்காரர் ஒருத்தர்தான் சார். நாங்க சின்னப் பிள்ளையா இருந்தப்ப எங்க பள்ளிக்கூடத்துக்கு வந்தார். விளையாட்டுக் கூடத்துல எல்லாரையும் தரையில உக்கார வெச்சாங்க. கொரினும் அங்கதான் இருந்தா. ஆத்துத் தண்ணின்னு சொல்லி ஒரு தம்ளர்ல கொண்டு வந்து, எங்க முன்னாடி நின்னு குடிச்சுக் காட்டினார். முழுசா. 'பாத்தீங்களா, எனக்கு ஒண்ணும் ஆகல'ன்னார். நாங்க கை தட்டினோம். டீச்சரும் தட்டினாங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "நாங்க பெரிய வகுப்புக்குப் போறதுக்குள்ள ஆத்தங்கரையில மாநில அரசு பலகை நட்டுச்சு. மீன் பிடிச்சா திங்காதீங்கன்னு. கொரினோட அம்மா அந்தப் பலகை வர்றதுக்கு முன்னாடி ஞாயித்துக்கிழமை தவறாம மீன் வறுத்தவங்க. அந்தக் கம்பெனிக்காரர் அப்புறம் வரல."

ஹேவரில் தான் ஊற்றிய தண்ணீரைப் பார்த்தார். அதைக் குடிப்பதா வேண்டாமா என்று தெரியாதவர்போல் கையை எடுத்துக்கொண்டார்.

"அதுலேருந்து கம்பெனி வாயைத் திறந்தாலே எனக்குக் காது அடைச்சுக்கும். என்ன சொல்றாங்கன்னு கேக்கறதில்ல. யார் சொல்றாங்கன்னு மட்டும்தான். வக்கீலுக்கு அது ஆகாதுன்னு இப்பத் தெரியுது. இனிமே கேப்பேன். அந்தத் தப்பை மறுபடி விட மாட்டேன்." நிமிர்ந்தாள். "ஆனா அதுக்காக வெக்கப்பட மாட்டேன் சார். அது என் தப்பு. யாரையும் பாத்து எழுதினது இல்ல."

ஹேவரில் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார். புள்ளிவிவரக்காரர் மடிக்கணினியை மூடினார். ப்ரெண்டிஸ் தலையசைத்தார்.

"மதிப்பெண் நிலைக்கும்" என்றார் ஹேவரில்.

கதவு வரை ப்ரெண்டிஸ் கூடவே வந்தார். இதமான குரல் இப்போது நிஜமாகவே இதமாக இருந்தது. "ஒண்ணு சொல்லட்டுமா? உங்களுக்கு இப்பக் காரணம் தெரிஞ்சு போச்சு. ஜூன்ல எழுதினீங்கன்னா அந்த ஏழும் சரியாயிடும். பாஸ்டன்லயே பெரிய கல்லூரி கிடைக்கும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"முடியாது மேடம்" என்றாள் நோயெலா. இரண்டாவது தடவை சொல்வது அவ்வளவு கஷ்டமாக இல்லை.

*

கொரினின் பழைய பிக்கப் வண்டியில் வடக்கே திரும்பினார்கள். கொரின் வறுவல் பையைப் பல்லால் கிழித்துக்கொண்டே எல்லாவற்றையும் மூன்று தடவை சொல்லவைத்தாள். பல் டாக்டர் இடம் வரும்போதெல்லாம் ஸ்டீயரிங்கில் அடித்தாள்.

"'அவரு எங்க வேலை பாக்கறாரு'ன்னு கேட்டியா? நீயா? மருந்துக் கடையில 'அடுத்தவங்க வாங்க'ன்னு சொல்ல வாய் வராத நீயா?"

"சாலையைப் பாத்து ஓட்டு."

"ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. அந்த விடைத்தாள் உன்னைக் கவுத்திருந்தா, நான் உள்ள வந்து அந்தக் கூஜாவைத் தூக்கி..."

"இதை நீ சட்டக் கல்லூரியில சொல்லிடாதே."

ஊருக்குப் பக்கத்தில் வந்ததும் வானொலி தெளிவாகக் கேட்டது. உள்ளூர்ச் செய்தி. ஆலையை வாங்கியிருக்கிற புதுக் கம்பெனியின் ஆள் ஒருவர் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார். இலையுதிர் காலத்தில் மறுபடி ஓட்டப் போகிறார்களாம். குரல் வழவழவென்று இருந்தது.

"கம்பெனிக்கா..." என்று கொரின் ஆரம்பித்து வானொலியை அணைக்கக் கை நீட்டினாள்.

நோயெலா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "இரு. ஆளை விடு. என்ன சொல்றான்னு கேளு."

கேட்டார்கள். பற்களைக் கடித்துக்கொண்டு, முழுசாக.

"பழைய ஆலையோட பதிவுகளையெல்லாம் பாத்துட்டோம்" என்றது குரல். "ஆத்தைப் பத்தி ஒரு பாதிப்புகூட அதுல பதிவாகல. அதனால எந்தப் பாதிப்பும் நடக்கலேன்னு உறுதியாச் சொல்றேன்."

ஒரு வினாடி. இருவர் வாயிலிருந்தும் ஒரே நேரத்தில் வந்தது.

"மத்தில்டா!"

கொரின் சிரித்த சிரிப்பில் வண்டி பாதையை விட்டு நகர்ந்து, திரும்பி வந்தது. "நிலவறைக்கே இறங்கல! எலியே இல்லையாம்!"

நோயெலா சிரிக்கவில்லை. புகைபோக்கிகள் வலது பக்கம் வந்தன. இந்தத் தடவை அவள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"செவ்வாய்க்கிழமை ஊர்க் கூட்டத்துக்கு அந்த ஆள் வரப் போறாராம்" என்றாள் கொரின். "தம்ளரும் கொண்டு வருவான், பாத்துக்கிட்டே இரு."

"கொண்டு வரட்டும்" என்றாள் நோயெலா. "நின்னு நிதானமாக் குடிக்கட்டும். குடிச்சு முடிச்சதும் நான் எந்திரிக்கறேன்."